வீட்டு முற்றத்தில் துள்ளுமேடை: அதனைப் பேணலும் காத்து வைத்தலும்

கயிற்றுக் கட்டிலின்மீது ஏறித் துள்ளுவதும், வைக்கோற் போரில் விழுந்து உருளுவதும், ஆற்று மணலில் குதிப்பதும் குழந்தைகளின் இயல்பு. இவ்வியல்பிற்கு இடங்கொடுக்கும் கருவியாகிய டிராம்போலின் என்னும் துள்ளுமேடை அண்மைக் காலத்தில் இந்திய நகரங்களில் வீட்டு முற்றங்களிலும், குடியிருப்புத் தோட்டங்களிலும், மழலையர் பள்ளிகளிலும் இடம்பெற்று வருகிறது. உடற்பயிற்சிக்கும், சில குழந்தைகளுக்கு இயன்முறைச் சிகிச்சையாளரின் மேற்பார்வையில் சமநிலைப் பயிற்சிக்கும் அது உதவுகிறது.

எனினும், வாங்கும்போது காட்டப்படும் ஆர்வம் அதனைப் பேணுவதில் பெரும்பாலும் காட்டப்படுவதில்லை. வெயிலிலும் மழையிலும் ஆண்டு முழுவதும் வெட்டவெளியில் நிற்கும் துள்ளுமேடை வெளித்தோற்றத்தில் நன்றாகவே இருக்கும். அதன் தையல்களும் வில்களும் மட்டும் மெல்ல மெல்ல வலுவிழந்துகொண்டிருக்கும். ஒரு நாள் குழந்தையொன்று துள்ளிக்கொண்டிருக்கையில் விரிப்பு கிழியும், அல்லது வில்லொன்று முறிந்து தெறிக்கும். இத்தகைய விபத்துகளுட் பலவற்றை முன்கூட்டியே தடுத்துவிட இயலும். அதற்குத் தேவையானவை, கருவி எவ்வாறு இயங்குகிறது, எதனால் கெடுகிறது என்னும் அறிவும், ஒழுங்கான சோதனையும், முறையான சேமிப்புமே ஆகும்.

கருவி பிறந்த வரலாறு

இன்றைய துள்ளுமேடையை உருவாக்கியவர் ஜார்ஜ் நிஸ்ஸன் என்னும் அமெரிக்க ஜிம்னாஸ்டிக் வீரர். சர்க்கஸில் ஊஞ்சலாடும் கலைஞர்கள் ஆட்டத்தின் முடிவில் கீழேயுள்ள பாதுகாப்பு வலையில் விழுந்து மீண்டும் மேலெழுவதை இளமையில் கண்ட அவர், அந்தத் துள்ளலையே ஒரு பயிற்சியாக்க எண்ணினார். 1930-களின் நடுவில் அயோவா பல்கலைக்கழகத்தில் லாரி கிரிஸ்வோல்ட் என்பவருடன் சேர்ந்து, இரும்புச் சட்டமொன்றில் கான்வாஸ் துணியைச் சுருள்வில்களால் இழுத்துக் கட்டித் தமது கருவியை அமைத்தார். நீரில் குதிப்பதற்கான பலகையைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லிலிருந்து அதற்குப் பெயர் பிறந்தது. 1945-இல் அமெரிக்காவில் அதற்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது விமானிகளுக்குப் பயிற்சியளிக்க அமெரிக்கப் படைகள் இதனைப் பயன்படுத்தின. 1964-இல் இலண்டனில் முதல் உலகப் போட்டி நடைபெற்றது. 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் துள்ளுமேடை விளையாட்டு முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது.

போட்டிகளில் பயன்படும் மேடை நீள்சதுரமானது. பயிற்றுநரின் கண்காணிப்பில் இயங்குவது. வீட்டில் வாங்கப்படுவதோ பெரும்பாலும் 8 முதல் 14 அடி வரை விட்டமுள்ள வட்டவடிவ மேடை. கட்டுரையில் பேசப்படுவது இந்த வீட்டு மேடையைப் பற்றியே ஆகும்.

உறுப்புகளும் இயக்கமும்

துள்ளுமேடையின் முக்கிய உறுப்புகள் ஐந்து. துத்தநாகம் பூசிய எஃகுக் குழாய்களாலான சட்டமும் கால்களும் முதலாவது. பாலிபுரோப்பிலீன் இழையால் நெய்யப்பட்ட விரிப்பு இரண்டாவது. விரிப்பின் விளிம்பிலுள்ள வளையங்களைச் சட்டத்துடன் இணைக்கும் எஃகுச் சுருள்வில்கள், அதாவது ஸ்பிரிங்குகள், மூன்றாவது. வில்களையும் சட்டத்தையும் மூடும் நுரைத் திண்டு நான்காவது. கம்பங்களில் கட்டப்படும் தடுப்பு வலை ஐந்தாவது.

துள்ளும் ஆற்றல் பிறப்பது விரிப்பிலிருந்து அன்று, சுருள்வில்களிலிருந்தே. வில்லை நீட்டும் விசையும் அதன் நீட்சியும் ஒரே விகிதத்தில் வளரும் என்பதை ராபர்ட் ஹூக் 1678-இல் வெளியிட்டார். குழந்தை மேலிருந்து இறங்கும்போது அதன் இயக்க ஆற்றல் வில்களின் நீட்சியில் சேமிக்கப்படுகிறது. வில்கள் சுருங்கும்போது அவ்வாற்றலின் பெரும்பகுதி குழந்தைக்குத் திரும்பக் கிடைக்கிறது.

ஒரு சிறு கணக்கு இதனை விளக்கும். 30 கிலோகிராம் எடையுள்ள சிறுவன் 1 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதாகக் கொள்வோர், அவன் கால் மேடையைத் தொடும்போது வேகம் நொடிக்குச் சுமார் 4.4 மீட்டர் என்று காண்பர். விரிப்பு 25 சென்டிமீட்டர் தாழ்ந்து அவனை நிறுத்தினால், அவன்மீது செயல்படும் சராசரி விசை அவனது எடையைப் போல் 5 மடங்கு. அவனே கடினமான தரையில் விழுந்து 2 சென்டிமீட்டருக்குள் நிறுத்தப்பட்டால், அவ்விசை எடையைப் போல் 51 மடங்கு ஆகிவிடும். விரிப்பின் நடுவில் இறங்குவதற்கும், விளிம்பைத் தாண்டிச் சிமெண்டுத் தரையில் விழுவதற்கும் உள்ள வேறுபாடு இதுவே. விரிப்பு கிழிந்தாலும் வில்கள் தளர்ந்து விரிப்பு தரையைத் தொட்டாலும் நேர்வது இரண்டாம் நிலையே என்பதை எளிதில் உணரலாம்.

வெயிலால் நேரும் கேடு

விரிப்புக்குரிய பாலிபுரோப்பிலீன் இலேசானது, நீரை உறிஞ்சாதது, இழுவையைத் தாங்கவல்லது. 1954-இல் இத்தாலிய ரசாயன அறிஞர் ஜூலியோ நாட்டா இதன் ஒழுங்கமைந்த வடிவத்தைத் தயாரித்துக் காட்டினார். இத்துறையில் ஆற்றிய பணிக்காக 1963-இல் அவரும் ஜெர்மானிய அறிஞர் கார்ல் சீக்லரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். ஆயினும் இப்பொருளுக்குப் பெரும் பகை ஒன்று உண்டு. அதுவே சூரிய ஒளியிலுள்ள புறஊதாக் கதிர்.

இதன் மூலக்கூற்றுச் சங்கிலியில் ஒன்றுவிட்டு ஒரு கரியணுவில் எளிதிற் பிரியும் ஹைட்ரஜன் ஒன்று உள்ளது. புறஊதாக் கதிர் பட்டதும் அவ்விடத்தில் ஆக்சிஜன் தாக்கிச் சங்கிலி அறுபடுகிறது. நீண்ட சங்கிலிகள் குறுகக் குறுக இழை நொறுங்கும் தன்மையை அடைகிறது. உர மூட்டைக்கும் அரிசி மூட்டைக்கும் பயன்படும் பிளாஸ்டிக் சாக்கு இதே பொருளால் நெய்யப்படுவது. கூரைமீது விரித்துவிட்ட அத்தகைய சாக்கு ஒரு கோடையைக் கடந்தபின் கைபட்ட மாத்திரத்தில் துகள் துகளாக உதிர்வதைக் கிராமப்புறத்தில் காணாதார் இலர். துள்ளுமேடை விரிப்பிலும் அதே மாறுதல் நிகழ்கிறது; கரித்தூள் முதலிய காப்புப் பொருள்கள் சேர்க்கப்பட்டிருப்பதால் மெதுவாக நிகழ்கிறது என்பதே வேற்றுமை. விரிப்புகள் பெரும்பாலும் கருநிறத்தில் இருப்பதன் காரணமும் இக்கரித்தூளே.

விரிப்பைவிட விரைவில் கெடுவது தையல் நூல். வளையங்களைத் தாங்கும் பட்டைகள் இந்நூலால்தான் தைக்கப்பட்டுள்ளன. அடுத்துக் கெடுவன திண்டின் மேலுறையும் தடுப்பு வலையுமாம். மேலுறையிலுள்ள மென்மையூட்டும் பொருள் வெப்பத்தால் மெல்ல வெளியேற, உறை விறைத்து வெடிக்கிறது. வெடிப்பின் வழியே நீர் புகுந்து அடியிலுள்ள வில்களை ஈரமாக்குகிறது. கடல்மட்டத்திலிருந்து உயரம் கூடக்கூடப் புறஊதாக் கதிரின் வலிமையும் கூடுவதால், லடாக் போன்ற உயர்நிலங்களில் குளிர் மிகுந்திருந்தும் வெயிற்கேடு குறைவதில்லை.

ஈரமும் துருவும்

எஃகைத் துருவிலிருந்து காப்பது அதன்மீதுள்ள துத்தநாகப் பூச்சு. இரும்பைவிடத் துத்தநாகம் எளிதில் ஆக்சிஜனோடு கூடும் இயல்புடையது. ஆதலால் பூச்சில் சிறு கீறல் விழுந்தாலும் துத்தநாகம் முதலில் கரைந்து இரும்பைக் காக்கிறது. இது தன்னைத் தந்து பிறிதொன்றைக் காக்கும் முறை என்பர். காற்றோட்டம் உள்ள இடத்தில் துத்தநாகத்தின்மேல் கார்பனேட்டுப் படலம் ஒன்று தோன்றி மேலும் அரிப்பைத் தடுக்கிறது. ஆனால் நனைந்த குழாய்களைக் காற்றுப்புகாத பாலிதீன் தாளில் சுற்றி அடுக்கி வைத்தால் அப்படலம் தோன்ற வழியில்லை. மாறாக வெண்ணிறத் தூள் படிந்து பூச்சு வீணாகிறது. நன்றாக மூடி வைத்தோம் என்று எண்ணியவர்களின் கருவியே சில சமயம் முதலில் துருப்பிடிப்பதற்குக் காரணம் இதுவாகும்.

கடற்கரையில் காற்றிலுள்ள உப்புத் துகள் எஃகின்மீது படிந்து காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. சென்னை, விசாகப்பட்டினம், புரி, கொச்சி, மும்பை போன்ற இடங்களில் அரிப்பு விரைவதும், உள்நாட்டு வறண்ட பகுதிகளில் குறைவதும் இதனால்தான். காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் நாட்டின் பல பகுதிகளில் உலோக அரிமானத்தை அளந்து அரிமான வரைபடம் தயாரித்துள்ளது. ஒரே கருவிக்கு எல்லா மாவட்டங்களிலும் ஒரே பராமரிப்பு போதாது என்பதற்கு அது தக்க சான்று.

சட்டத்தில் துரு தோன்றுவது கண்ணுக்குத் தெரியும். குழாயின் உட்புறத்தில் தோன்றுவது தெரியாது. கால்கள் மண்ணைத் தொடும் இடத்திலும், குழாயோடு குழாய் செருகும் இடத்திலும், பற்றவைத்த இடத்திலும் நீர் தேங்கி உள்ளிருந்து அரிக்கும். சுருள்வில்லில் துருவினால் விழும் நுண்ணிய குழியொன்றே போதும். மீண்டும் மீண்டும் நீளுவதால் அக்குழியிலிருந்து வெடிப்பு தொடங்கி ஒரு நாள் வில் முறியும். முறிவு பெரும்பாலும் வில்லின் நுனிக் கொக்கி வளைவில் நேர்கிறது. ஆதலின் சோதனையின்போது கண் முதலில் செல்லவேண்டிய இடம் அக்கொக்கியே.

காற்றும் பனியும்

அகன்று, மெலிந்து, தரையிலிருந்து உயர்ந்து நிற்கும் துள்ளுமேடை காற்றுக்கு ஒரு சிறகுபோல் அமைகிறது. காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்காகும். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று தன்னைத் தடுக்கும் பரப்பில் சதுர மீட்டருக்குச் சுமார் 24 கிலோகிராம் எடைக்கு நிகரான அழுத்தத்தைத் தரும். 12 அடி மேடையின் பரப்பு ஏறத்தாழ 10.5 சதுர மீட்டர். இவ்வழுத்தம் முழுவதும் மேல்நோக்கிச் செயல்படுவதில்லை. விரிப்பின் இழையிடை வழியே ஓரளவு காற்று கசியவும் செய்யும். ஆயினும் மூன்றில் ஒரு பங்கு மேல்நோக்கிச் செயல்பட்டாலே 80 கிலோகிராமுக்கு மேற்பட்ட தூக்குவிசை கிடைக்கும். வீட்டு மேடைகள் பலவற்றின் எடை அதனினும் குறைவு. தூக்கப்பட்ட மேடை மதிலைத் தாண்டி அடுத்த வீட்டின்மீதோ, சாலையிலோ, மின்கம்பியிலோ விழலாம்.

புயற்காற்றின் வேகம் மணிக்கு 62 கிலோமீட்டரில் தொடங்குகிறது என்றும், 89 கிலோமீட்டரைத் தொட்டால் தீவிரப் புயல் என்றும் இந்திய வானிலைத் துறை வகுத்துள்ளது. வங்காளத்தில் கோடையில் வீசும் கால்பைசாகியும், வடமேற்கு மாநிலங்களில் எழும் ஆந்தி என்னும் புழுதிப்புயலும் சிறிது நேரமே நீடித்தாலும் இவ்வேகத்தை எட்டக்கூடியவை. எச்சரிக்கை கிடைத்தவுடன் முதலில் தடுப்பு வலையையும், அடுத்து விரிப்பையும் கழற்றிவிட வேண்டும். வெறுஞ்சட்டத்தைக் காற்று எளிதில் தூக்காது. மேடையை நிரந்தரமாகத் தரையோடு பிணைக்கச் சுருள் முளைகளையோ வளைந்த இரும்பு முளைகளையோ கால்தோறும் அடிப்பது நலம். விரிப்பின்மீது மணல் மூட்டைகளை ஏற்றிவைப்பது தவறு. அதனால் வில்கள் நாட்கணக்கில் நீண்ட நிலையில் நின்று தளர்ந்துபோகும். மூட்டைகளைக் கால்களின்மீது வைப்பதே முறை.

காஷ்மீரத்திலும் இமாசலப் பிரதேசத்திலும் பனி மற்றொரு சுமை. புதிதாக விழுந்த பனியின் அடர்த்தி கனமீட்டருக்குச் சுமார் 100 கிலோகிராம் எனக் கொண்டால், 30 சென்டிமீட்டர் பனி 12 அடி மேடையின்மீது 300 கிலோகிராமுக்கு மேற்பட்ட பாரமாகும். மேலும் உறைநிலையை ஒட்டிய குளிரில் பாலிபுரோப்பிலீன் தன் நெகிழ்ச்சியை இழக்கிறது. அங்கெல்லாம் குளிர்காலத் தொடக்கத்திலேயே மேடையைக் கழற்றி வைப்பதே சிறந்தது. தவறி விழுந்த பனியை மென்மையான துடைப்பத்தால் தள்ள வேண்டுமேயன்றி மண்வெட்டியால் சுரண்டலாகாது.

அமைக்கும் இடம்

பராமரிப்பு இடத் தேர்விலிருந்தே தொடங்குகிறது. தரை சமமாகவும், நீர் தேங்காததாகவும், புல்லோ மணலோ மரத்தூளோ போன்ற மென்பரப்பு உடையதாகவும் இருத்தல் வேண்டும். சுற்றிலும் 2 மீட்டர் அளவு வெற்றிடம் தேவை. மேலே 7 மீட்டருக்குக் குறையாத திறந்தவெளி இருத்தல் நலம். மரக்கிளை, துணிக்கொடி, மின்கம்பி ஆகியவை அவ்வெளியில் குறுக்கிடலாகாது. மொட்டை மாடியில் மேடையை அமைப்பது எந்நிலையிலும் தகாது. அங்குக் காற்றும் மிகுதி, விழுந்தால் ஆழமும் மிகுதி. காலை வெயிலும் பிற்பகல் நிழலும் படும் இடம் கிடைக்குமாயின் விரிப்பின் ஆயுள் நீடிக்கும். ஆனால் பிசின் வடியும் மரத்தின் அடியும், பறவைகள் கூடும் மரத்தின் அடியும் பொருந்தா.

ஒழுங்கான சோதனை

சோதனைக்குப் பதிவேடு ஒன்று வைத்துக்கொள்வது, குறிப்பாகப் பள்ளிகளில், மிக்க பயன் தரும். சோதித்த நாள், கண்ட குறை, செய்த சீர், சோதித்தவர் கையொப்பம் ஆகிய நான்கு கட்டங்கள் போதும்.

நாள்தோறும் பயன்படுத்துமுன் விரிப்பின்மேல் கல், கண்ணாடித் துண்டு, இலை முதலியவை இன்றித் துடைத்து, திண்டு தன் இடத்தில் கட்டப்பட்டிருக்கிறதா, வலையின் வாயில் மூடுகிறதா என்று பார்க்க வேண்டும். அடியில் பந்தோ, செருப்போ, நாயோ இல்லை என்பதையும் உறுதிசெய்ய வேண்டும்.

வாரம் ஒருமுறை எல்லாச் சுருள்வில்களையும் வரிசையாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். வளையங்களின் தையலைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்தி வருடினால், நைந்த நூல் தூளாக உதிர்வதைக் காணலாம். வலையின் முடிச்சுகளையும் அவ்வாறே பார்க்கலாம்.

மாதம் ஒருமுறை திருகாணிகளையும் மரைகளையும் இறுக்கிக் கொடுக்க வேண்டும். இலேசான சோப்பு நீரும் மென்தூரிகையும் கொண்டு விரிப்பைக் கழுவி நிழலில் உலர்த்த வேண்டும். நெசவின் இடையில் புகுந்த மணல் அரம்போல் இழைகளை அறுப்பதால், கழுவுவது அழகிற்காக மட்டுமன்று. பிளீச்சிங் பவுடர், மண்ணெண்ணெய், பெட்ரோல், கடினமான கம்பித் தூரிகை ஆகியவற்றை விரிப்பிலும் திண்டிலும் பயன்படுத்தலாகாது. சட்டத்தில் துருக் கண்ட இடத்தை மட்டும் கம்பித் தூரிகையால் தேய்த்து, துத்தநாகம் கலந்த அடிப்பூச்சு பூசி, அதன்மேல் வண்ணம் பூசலாம். வில்லின் கொக்கியில் சிறிது வாசலின் தடவினால் கிரீச்சிடுவதும் தேய்வும் குறையும். விரிப்பில் அது படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் வழுக்கும்.

ஓய்வு நிலையில் சுருள்களுக்கிடையே இடைவெளி தெரியும் வில், புதிய வில்லைவிட நீண்ட வில், கொக்கி நிமிர்ந்த வில் ஆகியவற்றை உடனே மாற்ற வேண்டும். ஒன்று மட்டும் புதிதாக இருப்பின் இழுவை ஒருபுறம் மிகும். ஆகவே அதற்கு நேரெதிரே உள்ள வில்லையும் சேர்த்து மாற்றுவது வழக்கம். அளவு மாறுபட்ட வில்லைப் பொருத்துவதோ, முறிந்த வில்லுக்குப் பதிலாகக் கம்பியாலோ கயிற்றாலோ கட்டுவதோ பெருந்தவறு.

கழற்றும் முறை

கழற்றும் வேலைக்குப் பெரியவர் இருவர் வேண்டும். கைக்கு உறை, கண்ணுக்குக் கண்ணாடி, காலுக்குக் காலணி இன்றியமையாதவை. குழந்தைகளை அப்பால் நிறுத்த வேண்டும்.

முதலில் வலை, அடுத்துக் கம்பங்கள், அடுத்துத் திண்டு என்ற வரிசையில் அகற்ற வேண்டும். பின்னர் வில்களைக் கழற்றலாம். கருவியோடு தரப்படும் கைப்பிடிக் கொக்கியால் வில்லின் நுனியைப் பற்றி, உடலிலிருந்து அப்பால் இழுத்து, சட்டத்தின் துளையிலிருந்து விடுவிக்க வேண்டும். ஒரே பக்கத்தில் தொடர்ந்து கழற்றினால் எஞ்சிய வில்களின் இழுவை மறுபுறம் குவிந்து சட்டம் கோணும். கடைசி வில்கள் சினந்து தெறிக்கும். கடிகார முகத்தில் 12, 6, 3, 9 என எண்கள் எதிரெதிரே அமைந்திருப்பது போல் எதிரெதிராகக் கழற்றி வருவதே முறை. மீண்டும் பொருத்தும்போதும் அதே ஒழுங்கைப் பின்பற்ற வேண்டும். சட்டத்தின் துண்டுகளுக்குச் சுண்ணக்கட்டியால் அன்றி அழியாத மையால் எண் இட்டு வைத்தால் அடுத்த ஆண்டு பொருத்துவது எளிதாகும்.

சேமித்து வைத்தல்

எந்த உறுப்பும் முற்றிலும் உலர்ந்தபின்னரே உள்ளே செல்ல வேண்டும். குழாய்களை ஒரு நாள் செங்குத்தாகச் சாய்த்து நிறுத்தினால் உள்ளிருக்கும் நீர் வடியும். பின்னர் வாய்களைத் துணியால் அடைத்து வைக்க வேண்டும்; இன்றேல் குளவி மண்கூடு கட்டி அடுத்த முறை பொருத்த இயலாதவாறு செய்துவிடும். குழாய்களைத் தரையில் அல்லாமல் மரக்கட்டைகளின்மீது, சுவரைவிட்டுச் சற்று விலக்கி அடுக்க வேண்டும்.

விரிப்பை மடித்து வைப்பதைவிடச் சுருட்டி வைப்பது நன்று. மடித்த இடம் ஆண்டுதோறும் அதே கோட்டில் நையும். அட்டைக் குழலையோ பி.வி.சி. குழாயையோ நடுவில் வைத்துச் சுருட்டி, பருத்தித் துணியில் சுற்றி, எலிக்கு எட்டாதவாறு உத்தரத்திலிருந்து தொங்கவிடலாம். திண்டின்மேல் பாரம் ஏற்றலாகாது. நசுங்கிய நுரை மீண்டும் பருப்பதில்லை. வலையைத் தனிப்பையில் இட்டு வைக்க வேண்டும்.

சுருள்வில்களைத் துடைத்து, இயந்திர எண்ணெயை மெல்லிதாகப் பூசி, எண்ணிக்கையைச் சரிபார்த்துத் தகரப் பெட்டியில் இட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றையும் உடன் வைப்பது நலம். மீண்டும் பொருத்துமுன் எண்ணெயைத் துடைத்துவிட வேண்டும். உரம், பிளீச்சிங் பவுடர், மின்கல அமிலம் வைத்திருக்கும் அறையில் இவற்றை வைக்கலாகாது. அங்கு எழும் ஆவி மூடிய பெட்டியுள்ளும் புகுந்து எஃகை அரிக்கும்.

கழற்ற வசதியில்லாதோர் மேலே உறையிட்டு மூடுவதுண்டு. அவ்வுறை காற்றோட்டமும் நீர் வடியும் துளையும் உடையதாக இருத்தல் வேண்டும். தார்ப்பாயை இறுக்கிக் கட்டினால் அடியில் ஈரம் தேங்கும் என்பது மட்டுமன்று. அதன் குழிவுகளில் மழைநீர் நின்று ஏடிஸ் கொசுவிற்கு உறைவிடமாகும். முட்டையிலிருந்து கொசுவாக ஏறத்தாழ 7 முதல் 10 நாட்களே போதுமாகையால், வாரம் ஒருமுறை உறைமேல் உள்ள நீரைக் கொட்டிவிட வேண்டும். டெங்குத் தடுப்புப் பணியில் வீடுகளைப் பார்வையிடும் ஊழியர்கள் பூந்தொட்டி, பழைய டயர் ஆகியவற்றோடு இதனையும் தம் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம். மேடையின் அடியில் அடர்ந்து வளரும் புல்லிலும், அடுக்கிய குழாய்களின் இடையிலும் பாம்பும் தேளும் தங்கக்கூடும். ஆதலால் கோலால் தட்டிய பின்னரே கைவைக்க வேண்டும்.

பயன்படுத்துவோர் கவனத்திற்கு

கருவி எவ்வளவு நன்றாகப் பேணப்பட்டாலும், தவறாகப் பயன்படுத்தினால் ஊறு விளையும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2012-இல் வெளியிட்ட அறிக்கை, துள்ளுமேடைக் காயங்களில் சுமார் நான்கில் மூன்று பங்கு ஒரே சமயத்தில் பலர் குதிக்கும்போது நேர்பவை என்று கூறுகிறது. மேடையிலிருந்து கீழே விழுவதால் நேர்பவை 27 முதல் 39 விழுக்காடு என்றும் அது குறிக்கிறது. வீடுகளில் பொழுதுபோக்காகத் துள்ளுமேடையைப் பயன்படுத்துவதையே அக்கழகம் ஊக்குவிக்கவில்லை என்பது கருதத்தக்கது.

பலர் குதிப்பது ஏன் ஆபத்து என்பதையும் கணக்கே காட்டும். 80 கிலோகிராம் எடையுள்ள தந்தை அரை மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது சுமார் 390 ஜூல் ஆற்றல் வில்களுக்குச் செல்கிறது. அதில் கால்பங்கு அருகில் நிற்கும் 20 கிலோகிராம் குழந்தைக்குச் சென்றாலும், அது எதிர்பாராத விதமாக அரை மீட்டர் கூடுதலாகத் தூக்கி எறியப்படும். மேலெழும் விரிப்பின்மீது இறங்கும் கால் முழங்காலுக்குக் கீழே முறிவது சிறு குழந்தைகளிடம் மருத்துவர்கள் நன்கறிந்த காயம். அன்புமிகுதியால் குழந்தையோடு சேர்ந்து குதிக்கும் பெற்றோர்க்கு இதனை எடுத்துரைப்பது ஆசிரியரின் கடமையாகும்.

ஆகவே, ஒரு சமயத்தில் ஒருவர் என்பது முதல் விதி. ஆறு வயதிற்குட்பட்டோரை ஏற்றாமை இரண்டாம் விதி. பயிற்றுநர் இன்றிக் கரணம் அடித்தலைத் தடுத்தல் மூன்றாம் விதி. கழுத்தெலும்பிற்கு ஊறு நேர்வது பெரும்பாலும் அதனாலேயே. பெரியவர் ஒருவர் அருகில் நிற்றல் நான்காம் விதி. ஏணியைப் பயன்பாட்டுக்குப்பின் எடுத்துவிடுதல் ஐந்தாம் விதி. தடுப்பு வலை இருப்பதால் கண்காணிப்பு வேண்டாம் என்று கருதுதல் கூடாது.

வகுப்பில் செய்துகாட்டத் தக்கவை

இக்கருவியை வைத்தே விஞ்ஞான பாடத்தில் சில சோதனைகளை நடத்தலாம். பிளாஸ்டிக் சாக்கிலிருந்து ஒரே அகலமுள்ள கீற்றுகள் பல வெட்டி, பாதியை மாடியில் வெயிலிலும் பாதியை இருட்டுப் பெட்டியிலும் வைக்கலாம். மாதந்தோறும் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கீற்றை எடுத்து, வாளியைத் தொங்கவிட்டு, அறுபடும்வரை மணலை நிரப்பி நிறுத்தால், வெயிலின் விளைவு எண்ணாகவே கிடைக்கும். மூன்று கண்ணாடிக் குப்பிகளில் இரும்பாணி, துத்தநாகம் பூசிய ஆணி, பூச்சில் கீறலிட்ட ஆணி ஆகியவற்றை உப்புநீரில் இட்டால், துத்தநாகம் இரும்பைக் காக்கும் முறை சில நாட்களில் விளங்கும். ஹூக்கின் விதியைக் காட்ட ஆய்வுக்கூடத்து மென்சுருளையே பயன்படுத்த வேண்டும். துள்ளுமேடையின் வில் மிகக் கடினமானதாகையால் வகுப்பறையில் அதனை இழுத்துக்காட்ட முயல்வது ஆபத்தானது.

விலக்க வேண்டிய காலம்

விரிப்பில் துளையோ கிழிசலோ விழுந்தால் ஒட்டுப்போட்டுப் பயன்படுத்தலாகாது. புதிது மாற்ற வேண்டும். வளையத்தின் தையல் ஒன்று விட்டாலும் அவ்வாறே. சட்டம் வளைந்தாலோ, பற்றவைத்த இடத்தில் வெடிப்புக் கண்டாலோ, சுத்தியலால் மெல்லத் தட்டும்போது குழாய் ஒடுங்கினாலோ மேடை முழுவதையும் விலக்கிவிட வேண்டும். விலக்கப்பட்ட விரிப்பை நான்காக வெட்டிய பின்னரே குப்பையில் இட வேண்டும். இல்லையேல் யாரேனும் எடுத்துச் சென்று மீண்டும் குழந்தைகளுக்குக் கட்டிக்கொடுக்கக்கூடும். எஃகுக் குழாய்களும் வில்களும் பழைய இரும்புக் கடைக்குச் சென்று உருக்காலையில் மீண்டும் பயன்படும். பதிவேட்டில் விலக்கிய நாளையும் காரணத்தையும் எழுதி வைப்பது அடுத்து வாங்குவோர்க்கு வழிகாட்டும்.